ஆனியில் விதை, புரட்டாசியில் குழி, ஐப்பசியில் கன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்றால் சென்னையில் தெருவுக்குத் தெரு கன்று நடுகிறார்கள். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நம் ஊருக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. ஜூலையில் வரும் வன மகோத்சவமும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஊர்களுக்கான கணக்கு. குடியிருப்போர் நலச்சங்கத்தைக் கூப்பிட்டுப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, நான்கு மாதம் லாரித் தண்ணீரில் கன்றைப் பிழைக்க வைப்பதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். நகருக்குள் சிறு காடு வளர்ப்பதானால், மக்களுக்கான வேலை நடவுக்கு ஓராண்டு முன்பே தொடங்குகிறது.

முதல் வேலை விதை. நாவலும் வேம்பும் ஜூன், ஜூலையில் பழுக்கும். இரண்டின் விதையும் நாள்பட்டால் முளைக்காது. நாவல் கொட்டையைச் சதை கழுவியவுடனே பையில் ஊன்ற வேண்டும். வேப்பங்கொட்டை நிழலில் உலர்ந்தபின் ஓரிரு வாரம் தாங்கும். சரக்கொன்றை நேர்மாறு: தோல் கெட்டி, உப்புத்தாளில் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால்தான் சீராக முளைக்கும். இந்த ஆனியில் ஊன்றியது அடுத்த ஆண்டு ஐப்பசி நடவுக்கு. இதைப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள்.

சிறு இடத்தில் கன்றுகளை நெருக்கி நட்டுக் காடு வளர்ப்பதை மியாவாக்கி முறை என்கிறோம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) வகுத்த முறையில், மனிதக் கை படாவிட்டால் இந்த மண்ணில் என்ன காடு நிற்கும் என்று கண்டறிவதே முதல் படி. நாமோ நெருக்கி நடுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். சோழமண்டலக் கரைக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு: வீரை, உலக்கைப்பாலை, காசா, குருந்து. அதிக உயரம் போகாதவை, நிதானமாக வளர்பவை. அதனால் வியாபார நர்சரிகள் பெரும்பாலும் வைப்பதில்லை. கிண்டி தேசியப் பூங்காவில் விதை பொறுக்கச் சட்டம் இடம் தராது. கோயில் காடுகளில் ஊராரிடம் கேட்டு, கிடைப்பதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம்.

மனைப்பிரிவில் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்ட (ஓஎஸ்ஆர்) நிலம் 1,000 சதுர அடி கிடைத்தால் கணக்கு இப்படி. ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 3 கன்று வீதம் 280 கன்று. நாவல் போலக் குடை விரிப்பவை 50, நடுத்தர மரங்கள் 120, சிறுமரங்கள் 80, நொச்சி, காரை போன்ற புதர்கள் 30. எல்லாமே பெருமரமாக வைத்தால் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுக் குச்சி குச்சியாக நீளும், முதல் புயலில் சாயும்.

புரட்டாசியில் மூன்றடி ஆழம் தோண்ட வேண்டும். அதாவது 30 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண், ஜேசிபி வேலை. குடிநீர்க் குழாயும் மின் கேபிளும் எங்கே போகின்றன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டட இடிபாடு வந்தால் அப்புறப்படுத்தாமல் மூடக் கூடாது. சதுர மீட்டருக்கு 8 கிலோ வீதம் முக்கால் டன் எரு. களிமண்ணானால் உமி, மணலானால் மட்கிய தென்னை நார்க்கழிவு. பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். நடும்போது பையைக் கிழித்து, சுருண்ட வேரைப் பிரித்து, தண்டின் அடி மண்மட்டத்திலேயே நிற்கும்படி வையுங்கள். கிளறிய மண்ணில் மிதிக்காமல் பலகை போட்டு நடக்க வேண்டும். நட்டதும் அரை அடி கனத்துக்கு வைக்கோல்.

மழை நின்றதும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், நாளொன்றுக்கு 465 லிட்டர். இரண்டு முழுக் கோடைக்கு யார் எந்தக் கிழமை என்று பெயர் எழுதிய பட்டியல் இல்லாவிட்டால் தோண்டவே வேண்டாம். ஆர்ஓ கழிவுநீரை ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள்; உப்பு மண்ணில் தங்கிவிடும். ஏசி தண்ணீருக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் போதாது.

தண்ணீருக்கு அடுத்தபடி காட்டைக் கெடுப்பது துடைப்பம். விழுந்த இலையைக் கூட்டி எரித்தால் மண் மீண்டும் இறுகும். ‘பாம்பு வரும்’ என்ற பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள், பலர் வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பதே அதனால்தான். சுற்றிலும் நான்கடி அகலத்துக்குப் புல் இல்லாத நடைபாதை, ஒரு விளக்கு, எலியை ஈர்க்கும் குப்பை இல்லாமை: இவை போதும். களையெடுப்பவர்களுக்கு, பிடுங்க வேண்டிய அயல் செடிகளான சவுண்டலையும் உண்ணிச்செடியையும் காட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் களை என்று நினைத்து நொச்சியைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

காலி இடமெல்லாம் காட்டுக்கு உரியதும் அல்ல. பள்ளிக்கரணை போன்ற சதுப்பில் மரம் நடுவது சதுப்பைக் கெடுப்பதே.

மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை. நட்ட எண்ணிக்கையை எழுதிய பலகையிலேயே, மூன்றாம் ஐப்பசியில் அந்தத் தெருக்காரர்கள் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கையையும் எழுத ஒரு கட்டம் விடுங்கள். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
நகர்க்காடு வளர்ப்பில் உள்ள தன்னார்வலர்கள்,
சென்னை