மேசையில் வைக்க ஒரு பேட்ஜ்

ஹரோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் சொன்னது மனதுக்குள்ளேயே நிற்கிறது. தெற்காசிய மரபு மாதத்துக்காக உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மத்தியானம் நிகழ்ச்சி வைக்கிறார்கள், அதிலேயே சிறுவர் வாட்டுக்குக் காசும் சேர்க்கிறார்கள், பொறுப்பை உன்னிடம் தந்துவிட்டார்கள் என்றாய். "ஆளுக்கொரு சமோசா, நாலு சேலை, ஒரு ஹிந்திப் பாட்டு. இதுக்குத்தானே அம்மா என்னைக் கூப்பிடுகினம்" என்று சலித்துக்கொண்டாய். நான் பதில் சொல்ல வாயெடுக்க உன் பேஜர் அடித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே பிள்ளை. ஏன் என்று கேட்டால் என் கதையைத்தான் சொல்லவேண்டும். இவ்வளவு காலமும் அதை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

1973இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து இங்கே வந்தபோது எனக்கு 19 வயது. கையில் இருந்த கடிதத்தில் தாதியர் பயிற்சி என்று போட்டிருந்தது. தாதியர் பயிற்சியில் இரண்டு வகை உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் படித்தால் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். இரண்டு வருடம் படித்தால் என்றோல்ட் நர்ஸ். இரண்டாவது வகையோடு நின்றால் மேலே போக வழியே இல்லை, வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆக முடியாது, வேறு பல நாடுகளில் அந்தத் தகுதியை மதிப்பதும் இல்லை. என்னை எந்த வகுப்பில் இருத்தினார்கள் என்று நீயே ஊகித்திருப்பாய். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மலேசியா, மொரீசியஸ், ஜமேய்க்கா, பார்படோஸ். மூன்று வருட வகுப்பில் அநேகமாக எல்லோரும் இங்கத்தைய பிள்ளைகள். என்னுடைய பரீட்சைப் பெறுபேறுகள் மூன்று வருட வகுப்புக்குப் போதுமானவை என்று இரண்டாம் வருட நடுவில்தான் தெரிந்தது. ஜமேய்க்காக்காரச் சிநேகிதி ஒருத்தி அலுவலகத்தில் போய்க் கேட்டு வந்து சொன்னாள். அன்றிரவு விடுதியில் நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

பிறகு நீ பிறந்து, பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், மாற்றுப் பயிற்சி எடுத்து ரெஜிஸ்டர்ட் ஆனேன். அது உனக்குத் தெரியும். நான் மேசையில் படிக்க நீ கீழே இருந்து என் குறிப்புப் புத்தகத்தில் கீறுவாய்.

நான் சொல்ல வந்தது வேறு. பயிற்சி முடித்து வேலை செய்துகொண்டிருந்த காலம், ஆஸ்பத்திரி நண்பர்கள் சங்கம் ஒரு சந்தை வைத்தது. வாட்டுக்கு ஏதோ ஓர் இயந்திரம் வாங்கக் காசு சேர்த்தார்கள். ஆளுக்கொரு கேக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எனக்குக் கேக் போடத் தெரியாது, முறுக்குச் சுட்டுக்கொண்டு போனேன். வயதான சிஸ்டர் ஒருவர் ஒன்றைக் கடித்துவிட்டு, "இது எந்த ஊர்ச் சாப்பாடு? நீ எங்கே படித்தாய்?" என்று கேட்டார். இங்கே வந்து நாலு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நின்றபடியே அரை மணித்தியாலம் கதைத்தோம். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் இத்தனை வருடமும் எந்தச் சேகரிப்பு என்றாலும் நான் பலகாரம் சுட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆகவே சமோசாவை நான் குறைவாக நினைக்கவில்லை. சமோசாவோடு கதை நின்றுவிடுகிறதே, அதுதான் உன் கோபம். அது நியாயமான கோபம். சாப்பிட வருகிற கையை இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்க மேசையில் வேறொன்றும் இருக்கவேண்டும்.

"இந்த மரபு மாதத்தில் இலங்கைக்காரர் நாங்கள் எங்கே அம்மா" என்றும் கேட்டாய். 2020இல் இதைத் தொடங்கியவர்கள் ஜூலை 18 முதல் ஓகஸ்ட் 17 வரை என்று நாள் குறித்தார்கள். 1947இல் இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது ஜூலை 18. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு எங்கே போகிறது என்று வெளியிட்டது ஓகஸ்ட் 17. இரண்டுமே பிரிவினையின் நாட்கள். எங்கள் தீவு அதில் இல்லைத்தான். ஆனால் அவர்கள் சொல்லும் எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. மேசை உன் கையில் இருக்கிறது, எங்களை அதில் வைக்கவேண்டியவள் நீதான். உன்னோடு வேலை செய்பவர்கள் உன்னை இந்தியப் பெண் என்றே நினைக்கிறார்கள் என்கிறாயே, அவர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

மானிப்பாயை வை. அமெரிக்கா மசாசுசெட்ஸிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, 60க்கு மேற்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். பிற்காலத்தில் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காக வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், 4,000 பக்கங்களுக்கு மேல். 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் வந்தது. யோசித்துப் பார், 150 வருடத்துக்கு முன்னமே எங்கள் ஊரில் ஒருவன் தமிழில் படித்து வைத்தியனாக முடிந்தது. உன் பூட்டனார் காய்ச்சலுக்கு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். எனக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை வந்ததும் அந்த மதிலுக்குப் பக்கத்தில்தான். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்று அமெரிக்காவில் அவருடைய நினைவுக்கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

கிறீன் மானிப்பாயை விட்டுப் போனது 1873இல். அதே வருடம் நீ இருக்கும் பர்மிங்காமில் என்ன நடந்தது தெரியுமா? சாம்சன் கேம்ஜி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் தொழிலாளர்களிடம் போய், ஒரு சனிக்கிழமை மேலதிகமாக வேலை செய்து அந்தக் கூலியை ஆஸ்பத்திரிகளுக்குத் தாருங்கள் என்று கேட்டார். அப்படித்தான் பர்மிங்காம் ஆஸ்பத்திரிச் சனிக்கிழமை நிதி தொடங்கியது. நாங்கள் காயத்துக்கு வைத்துக் கட்டும் கேம்ஜி பஞ்சு இருக்கிறதே, அது அவர் செய்ததுதான். வருடக்கணக்காக அந்தப் பஞ்சை வெட்டினேன், ஓய்வு பெற்ற பிறகுதான் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி வாசித்தேன். 1948 ஜூலை 5இல் என்.எச்.எஸ். என்ற அரசாங்க வைத்திய சேவை தொடங்கும் வரை இந்த நாட்டில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் இப்படிச் சில்லறையாலும் தெருச் சேகரிப்பாலும்தான் ஓடின. அதற்கு இரண்டு வாரம்கூட முந்தாமல்தான், ஜூன் 22இல், கரீபியத் தீவுகளிலிருந்து வின்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் டில்பரித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான கரீபியப் பெண்கள் வாட்டுகளில் இரவு பகலாக நின்றார்கள், பிறகு நாங்கள் வந்தோம். கோவிட் தொடங்கியபோது இந்த நாட்டில் உயிர் விட்டதாக அறிவிக்கப்பட்ட முதல் பத்து வைத்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். அந்த மாதங்களில் நீ மருந்தகத்தில் நின்றாய், நான் ஒவ்வொரு இரவும் விளக்கு வைத்துக் கும்பிட்டேன். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சேலையை மட்டும் காட்டினால் எனக்கும் கோபம் வரும்.

உன் கூட்டாளிகளிடம் கேள். பஞ்சாப், கேரளம், சில்ஹெட், காத்மாண்டு என்று எல்லாரும் இருப்பார்கள். அவர்களுடைய தாயோ தகப்பனோ இங்கே எந்த வேலைக்கு வந்தார்கள் என்று காட்டும் ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல். வேலைக்கு எடுத்த கடிதம், முதல் சம்பளத் துண்டு, பஸ் கொண்டக்டர் தொப்பி, எதுவாயும் இருக்கட்டும்.

காசைப் பற்றியும் சொல்லவேண்டும். பலகாரம் விற்ற காசுக்கும் நன்கொடைக்கும் வேறு வேறு பெட்டி வை. வரி கட்டும் ஒருவர், நன்கொடைக்கு வரிப் பணத்தைச் சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்ட் திட்டத்தின் உறையில் பெயர், வீட்டு முகவரி எழுதி ஒரு பவுண் போட்டால், அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வரும். வடை வாங்கிய காசுக்கு அது கிடையாது. இரண்டையும் கலந்தால் அந்த 25 பென்ஸ் பிள்ளைகளுக்குப் போகாமல் போய்விடும். பெட்டிக்கு முத்திரை ஒட்டு. எண்ணும்போது இரண்டு பேர் இருந்து கையெழுத்து வையுங்கள், அதில் ஒருவர் வேறு பிரிவு ஆளாக இருக்கட்டும். எவ்வளவு சேர்ந்தது, அதால் என்ன வாங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதி உணவகக் கதவில் ஒட்டு. முன்பு ஒரு சேகரிப்பில் தொகையை யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் பெட்டி காற்பங்குகூட நிரம்பவில்லை.

ஊரிலும் அப்படித்தான். 2011இல் இலங்கையின் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்களே. போர் முடிந்து இரண்டு வருடம்தான். சிங்களச் சனமும் சேர்ந்து நடந்தது. சின்னம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். முதல் காசு கட்டடமாக எழும்பியதைச் சனம் கண்ணால் கண்டது. அதனால்தான் இரண்டாம் நடைக்கும் தந்தது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டில் கவனம். ஒவ்வாமை தருபவை என்று இங்கே பட்டியலிட்டிருக்கும் 14 பொருட்களில் எள்ளும் கடுகும் உண்டு, எங்களுக்கு அவை இல்லாமல் சமையலே இல்லை. கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். உளுந்து வடைதானே, கோதுமை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் அனுப்பும் ஒவ்வொரு டப்பாவிலும் என்னென்ன போட்டேன் என்று எழுதி ஒட்டுகிறேன்.

அப்புறம், பன்னிரண்டு மணிக்கு வைத்து இரண்டு மணிக்கு மேசையை மடித்துவிடாதே. இரவு வேலைக்காரர் அந்த நேரம் வீட்டில் நித்திரை. துப்புரவு செய்பவர்கள், கட்டில் தள்ளுபவர்கள், சமையலறைப் பிள்ளைகள் மேசைக்கு வரக் கூச்சப்படுவார்கள், நீயே போய்க் கூப்பிட்டு வா. நான் இரவு வேலை செய்த வருடங்களில் எந்த விழாவிலும் எங்களுக்குக் கிடைத்தது காய்ந்த கேக்கின் ஓரம்தான். அவர்களுக்கு என்று ஒரு பெட்டி முன்னமே எடுத்து வை. இரவு எட்டு மணிக்கு மேசையை ஒருமுறை திறக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வியாழக்கிழமை அப்பா பார்சல் போடுவார். மேல் டப்பாவில் பருத்தித்துறை வடை, 200 சுடுகிறேன், உடைந்தவற்றை நீங்கள் சாப்பிடுங்கள். அடியில் பயற்றம் பணியாரம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருக்கும், அதற்குள் கேம்ஜி பஞ்சில் சுற்றி என் முதல் பேட்ஜை வைத்திருக்கிறேன், என்றோல்ட் நர்ஸ் என்று எழுதியது. அதைத்தான் உன் மேசை நடுவில் வைக்கவேண்டும். பின்னூசி வளைந்திருக்கிறது, எடுக்கும்போது கையில் குத்தும், பார்த்து எடு.

அன்புடன்,
அம்மா