ஆட்டிசப் பிள்ளையைக் கதையில் வைக்கும் முன்: சிறார் எழுத்தாளர்களுக்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழில் சிறுவர்களுக்குக் கதை எழுதுபவர்களுக்கும், படம் வரைபவர்களுக்கும், தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை பார்க்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு; பேசும் விதமும், சத்தத்தையும் தொடுகையையும் உணரும் விதமும் அதில் மாறுபடும். இந்தப் பிள்ளைகள் கதைக்குள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று எழுதுகிறீர்கள். ஏன் செய்கிறது என்பதை விட்டுவிடுகிறீர்கள். காரணம் விட்டுப்போனால், வாசிக்கிற பிள்ளையின் மனதில் நிற்பது ஒரு விசித்திரம் மட்டுமே.

பேச்சையே எடுத்துக்கொள்வோம். விளவங்கோட்டுப் பக்கம் ஒரு வீடு. தாகமெடுத்த பையன் அம்மாவிடம் வந்து, "வெள்ளம் வேணுமா மக்களே?" என்கிறான், அம்மா கேட்கும் அதே ராகத்தில். (எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.) கதையில் இது சிரிப்புக் காட்சியாகிவிடுகிறது. உண்மையில் அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். டம்ளர் கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் அவன் காதில் விழுந்தது இந்த முழு வாக்கியம்தான். பல பிள்ளைகள் மொழியை ஒவ்வொரு சொல்லாக எடுப்பதில்லை, இப்படி மொத்தமாக எடுக்கிறார்கள். விளம்பர வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த வசனத்தை முதலில் கேட்ட நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று தேடினால் பொருள் பிடிபடும். ஆகவே உங்கள் கதையில் அடுத்த வரியிலேயே யாராவது தண்ணீரை எடுத்துக் கொடுக்கட்டும். வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று, காத்திருப்பு. கேள்வி கேட்டபின் பத்து விநாடி வரை பொறுத்தால் பதில் சொல்லும் பிள்ளைகள் நிறைய. திரையில் பத்து விநாடி அமைதி என்பது நீளம் என்று எங்களுக்கும் தெரியும். ஒரு காட்சியிலாவது வைத்துப் பாருங்கள்.

அதிகம் தவறாக வருவது அலறல் காட்சி. திருவிழா, செண்டை, வெடி; அடுத்த பக்கத்தில் பிள்ளை தரையில் விழுந்து கத்துகிறான்; ஊரே பார்க்கிறது. வெடிச் சத்தம் கடைசிச் சொட்டுதான். குடம் காலையிலேயே நிரம்பத் தொடங்கியிருக்கும். புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் துணிப்பட்டி, வழக்கமாகப் போகும் வழியை விட்டுத் திரும்பிய பஸ், கூட்டத்தில் உரசும் தோள்கள், மல்லிகை வாசம், குழாய் ஒலிபெருக்கி. இடையில் அவன் அறிகுறி காட்டிக்கொண்டே இருப்பான்: ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பான், முனகுவான், காதை அழுத்துவான். 24 பக்கப் படப்புத்தகம் என்றால் இதற்கு ஆறு பக்கமாவது கொடுங்கள். அலறலுக்கு ஒரு பக்கம் போதும். அதன் பிறகு மூன்று பக்கம்: களைத்துக் கிடப்பான், சிலர் தூங்கிவிடுவார்கள், பேசத் தெரிந்த பிள்ளைக்கும் கொஞ்ச நேரம் சொல் வராது. இதை அடம் என்று எழுதாதீர்கள். அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும், யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இந்த அலறல் மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது. உதவுகிற ஆள் என்ன செய்வார் என்பதும் படத்தில் வரட்டும்: கூட்டத்தை விலக்குவார், குரலைத் தாழ்த்துவார், கேள்வி கேட்கமாட்டார், விருப்பம் தெரியாமல் கட்டிப்பிடிக்கமாட்டார்.

முடிவுகளைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறோம். பேசாத பிள்ளை கடைசிப் பக்கத்தில் "அம்மா" என்று சொல்ல, அம்மா அழுகிறாள். தயவுசெய்து இந்த முடிவு வேண்டாம். பட அட்டையைக் காட்டியோ, டேப்லெட்டில் தொட்டோ பேசும் பிள்ளை இந்தக் கதையைக் கேட்கும்போது, தான் இன்னும் பேசவே தொடங்கவில்லை என்று புரிந்துகொள்கிறது. அந்த அட்டைகளையும் கவனித்து வரையுங்கள். சோறு, தண்ணீர், கழிவறை மட்டும் இருந்தால் அது பேச்சாகாது. 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்', 'வலிக்குது' என்பவையும் இருக்க வேண்டும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழிலேயே இப்படிப் பேச முடியும்.

கணக்கில் புலி, கடைசியில் கலெக்டர் கையால் பரிசு என்ற முடிவும் அப்படித்தான். பெரும்பாலான ஆட்டிசப் பிள்ளைகளிடம் அப்படி அபூர்வத் திறமை எதுவும் இல்லை. மரியாதைக்கு அது தேவையும் இல்லை. ஒரு சிறுமிக்கு முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கிறது என்றால், பிடிக்கிறது, அவ்வளவுதான். எது நின்றிருக்கிறது, எது சுற்றுகிறது என்று அவள் தோழியிடம் சொல்லட்டும். சிறுமி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். பெண் பிள்ளைகளிடம் ஆட்டிசம் பலமுறை கண்டுகொள்ளப்படாமலே போகிறது, கதைகளிலும் அவர்கள் குறைவு.

வெளியே நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் என்ற சிறுவர் நிகழ்ச்சி 2017-இல் ஆட்டிசம் உள்ள ஜூலியா என்ற பொம்மையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, கை உதறுவதற்கென்றே அவளுக்குத் தனியாக ஒரு ஜோடிக் கைகள் செய்தார்கள். அந்த அசைவை அவ்வளவு மதித்தார்கள். அதே ஜூலியாவைக் கொண்டு, பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதை இழவுச் செய்திபோல் பேசும் கையேட்டைப் பரப்பியதால், ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் உரிமை அமைப்பு 2019-இல் அவர்களோடு உறவை முறித்தது. பிரிட்டனில் 2017-இல் வந்த பாப்லோ தொடருக்குக் குரல் கொடுத்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள். நம் நாட்டிலும் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி வழிகாட்டுதல் சொல்லி, அவர்களோடு கலந்துபேசியே படைக்க வேண்டும் என்றது.

சொற்களில் இரண்டு. 'மனநோய்' என்று எழுதாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. அம்மா வேலைக்குப் போனதால் வந்தது, கைபேசி பார்த்ததால் வந்தது என்று எந்தப் பாத்திரமும் சொல்ல வேண்டாம். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த ஒரு வசனத்தால் எத்தனையோ அம்மாக்கள் குடும்பத்தில் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

படம் வரைபவர்களுக்கு: ஜன்னலோரம் வெறித்த பார்வை வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் நூலைச் சுற்றிக்கொண்டே கதை கேட்கும் பிள்ளையை வரையுங்கள். கை உதறுவது மகிழ்ச்சியிலும் வரும், பதற்றத்திலும் வரும். எது என்பதை முகமும் தோளும் சொல்லட்டும். இரைச்சலுக்குப் போடும் காதுமூடியில் வயர் கிடையாது.

எழுதியதை ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரிடமாவது கொடுத்து, உரிய கூலி தந்து, படிக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் வாரத்தில் அல்ல, பென்சில் வரைவாக இருக்கும்போதே. வண்ணம் தீட்டிய பிறகு ஆறு பக்கம் கூட்டச் சொன்னால் உங்களுக்கும் முடியாது. அதே வரைவை எங்களுக்கும் காட்டினால், இங்குள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்து, எந்தப் பக்கத்தில் அவர்கள் புத்தகத்தை மூடினார்கள் என்று எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், பெற்றோர்