மருந்து கேட்டாயே, ராஜி

திருப்பாதிரிப்புலியூர்,
ஐப்பசிக் கடைசி.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டையும் காதுகுத்தும் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதாக எழுதியிருந்தாய், அது அதைவிடப் பெரிய சந்தோஷம். காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை கடற்கரைச் சாலை வரை போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்காலம் வந்தால் தன் வேலையைக் காட்டுகிறது. ஐப்பசி அடைமழை என்று சொல்வதற்கு இந்த வருஷம் குறைவில்லை. கெடிலத்தில் தண்ணீர் போகிறது, துணி காயவில்லை, அப்பளம் எல்லாம் நமுத்துப் போய்க் கிடக்கிறது. மழை கொஞ்சம் வலுத்தாலே இவர் டிவியைப் போட்டுக்கொண்டு சாத்தனூர் அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். 2024-ல் பெண்ணையாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்த பிறகு அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. உங்கள் பாண்டிச்சேரியிலும்தான் அந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். துலுக்கச் சாமந்தி நாற்று ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது, வெண்டைக் கன்றில் தண்டு மட்டும் நிற்கிறது, வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை, என்ன மருந்து அடிக்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், ஒன்றும் அடிக்காதே. அது உனக்குப் போதாது என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேப்பெண்ணெய்க்கு அது மசியாததில் ஆச்சரியமில்லை. அது பூச்சியே கிடையாது. ஓடில்லாத நத்தை. நம் துறைமுகத்தில் கூறு கட்டி விற்கிறார்களே மட்டி, கணவாய், அவற்றுக்குப் பங்காளி. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் கேட்கிற மருந்து இதற்குக் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் முதலில் ஆளை உறுதி செய்துகொள். கம்பளிப்புழு தின்றால் இலை மேல் கறுப்பாக எச்சம் கிடக்கும். நத்தை தின்ற இடத்தில் ஓரம் பிய்ந்த ஓட்டையும், காலையில் பார்த்தால் காய்ந்து பளபளக்கும் ஒரு கோடும் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார். பகலில் நீ எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது.

நான் டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது பொன்னாங்கண்ணிப் பாத்தி முழுக்க அதுதான். ஒன்றைக் குச்சியால் புரட்டிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் நடுவிரல் நீளம், சப்பையான உடம்பு, கறுப்பும் பழுப்புமாகச் சொரசொரப்பான முதுகு. அந்த முதுகின் நடுவில் தலையிலிருந்து வால் வரை வெளுத்த மெல்லிய கோடு ஒன்று. அடியில் நடப்பதற்கென்று ஒரு ஒடுங்கிய பட்டை, அவ்வளவு பெரிய உடம்புக்கு அது மட்டும் அரை சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டது. சிறிது நேரம் அசையாமல் இருந்தேன். மெதுவாக இரண்டு கொம்பு வெளியே வந்தது, நுனியில் புள்ளி மாதிரிக் கண். அதற்குக் கீழே சின்னதாக இன்னும் இரண்டு, மோந்து பார்க்க. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் பக்கத்துக் கீரையை நோக்கிப் போனது! அதன் தைரியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து உலகமெல்லாம் பரவிய இனமாம் அது. நம் தோட்டம் வரை வந்துவிட்டது.

இதில் ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றிலும் இரண்டும் உண்டு. அதனால் எந்த நத்தையும் முட்டை வைக்கும். தொட்டியை நகர்த்தினால் ஈரமண்ணில் ஊறிய ஜவ்வரிசியை நூலில் கோத்துச் சுருட்டி வைத்த மாதிரி இருக்குமே, அதுதான் முட்டை. நீ பார்த்திருப்பாய், உரக்கட்டி என்று நினைத்து விட்டிருப்பாய். அதை மண்ணோடு அள்ளி வெயில் படுகிற சிமெண்டுத் தரையில் போட்டுவிடு. காய்ந்தால் தீர்ந்தது. ஒரு முட்டைச் சுருளை எடுத்தால் அடுத்த மாதம் ஒரு பட்டாளத்தைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது, ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்கள். கோழிமுட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் குத்தும், ஏறாது என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. லெட்டூஸ் செடிகளைச் சுற்றி முட்டை ஓடு, செம்புப் பட்டை, கரட்டு மணல் என்று விதவிதமாக வேலி போட்டும், வேலியே இல்லாத செடியைத் தின்ற அளவுக்கு இவற்றையும் தின்றிருக்கின்றன. முட்டை ஓடு உரத்துக்கு நல்லது, அதற்காகப் போடு. உப்பைச் செடியடியில் தூவும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நத்தை சாகும், வாஸ்தவம்தான். மண்ணும் சேர்ந்து கெடும். கடலோரத்தில் இருக்கும் நமக்குப் போர்த் தண்ணீரிலேயே வேண்டிய உப்பு வருகிறது.

அடுத்தது பீர். சிரிக்காதே, இது உண்மையாகவே வேலை செய்கிறது. புளித்த வாடைக்கு நத்தை வரும், விழும், மூழ்கிச் சாகும். உனக்கென்ன, தெருமுனைக்குப் போனால் கிடைக்கும். நான் வாங்கி வந்தால் பாண்டி எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தி, "என்னம்மா பாட்டில்?" என்று கேட்பார்கள். நத்தைக்கு வாங்கினேன் சார் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் நான் புளித்துப் பொங்கிய இட்லி மாவில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கரைத்துக் கொட்டாங்குச்சியில் ஊற்றிப் புதைக்கிறேன். அதற்கும் வருகின்றன. கொட்டாங்குச்சியின் விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை இருக்கட்டும். மட்டமாகப் புதைத்தால் நமக்கு உதவுகிற தரை வண்டுகளும் சேர்ந்து விழும். ஆனாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் இது இழுக்கும். தோட்டம் முழுக்கக் காலி செய்துவிடும் என்று நம்பாதே. அண்ணனிடம் பாட்டிலைக் கொடுத்து ஊற்றச் சொல்லாதே என்பது என் தனிப்பட்ட ஆலோசனை.

எனக்கு நன்றாகப் பயன்பட்டது தேங்காய் மட்டைதான். சாயங்காலம் நாலைந்து மட்டையை நன்றாக நனைத்து, குழிந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி பாத்தி ஓரத்தில் கவிழ்த்து வை. அடியில் வாடிய முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வைத்தால் இன்னும் நல்லது. ராத்திரி மேய்ந்துவிட்டு, வெயில் வருவதற்கு முன் ஈரமாக ஒளிந்துகொள்ள இடம் தேடுமே, நேராக இதற்கு அடியில் போய்ச் சேரும். காலையில் காபி குடித்துவிட்டுப் போய் ஒவ்வொரு மட்டையாகப் புரட்டினால், நாரைக் கவ்விக்கொண்டு ஒட்டியிருக்கும். இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடு. அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதே. ஈரச் சாக்கும் இதற்கு ஆகும், ஆனால் மட்டை அளவுக்குச் சுலபமாகப் புரட்ட வராது. முதல் சில நாள் கூட்டமாகக் கிடைக்கும், அப்புறம் குறையும். குறைந்துவிட்டதே என்று விட்டுவிடாதே. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரும்.

வாளி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. என் மாமியார் வடலூர்ப் பக்கம் என்பது உனக்குத் தெரியும், ஜீவகாருண்யம் ரத்தத்தில் ஊறியது. "அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகுது, கொல்லாதடி, கொண்டுபோய் ஆத்தங்கரையில விட்டுட்டு வா" என்கிறார். அத்தையின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆற்றங்கரையை ஒட்டியும் யாரோ கீரை போட்டிருக்கிறார்களே. ஓட்டோடு பெரிதாக வருமே ஆப்பிரிக்க நத்தை, அது இந்தியாவுக்குள் வந்த கதையே அப்படித்தான். வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்தது, 1847-ல் கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்றைக்குக் கேரளாவில் வாழையும் ரப்பரும் வைத்திருப்பவர்கள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதனால் அத்தை பூஜையில் உட்காரும் நேரம் பார்த்து நான் மட்டையைப் புரட்டுகிறேன்.

கையால் தொடாமல் இடுக்கியால் எடு என்று சொன்னது அருவருப்புக்காக அல்ல. இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சு எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகும். அந்த நத்தையோ அதன் துண்டோ சரியாகக் கழுவாத பச்சைக் கீரையோடு நம் வயிற்றுக்குள் போனால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும் அளவுக்குப் போகலாம். கேரளாவில் ஆட்களுக்கு வந்திருக்கிறது. அடிக்கடி வருகிற நோய் இல்லை, பயந்து தோட்டத்தை அழிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் நீ காலையில் வெறும் வயிற்றில் வல்லாரையைப் பறித்து அப்படியே மென்று தின்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதை இந்த மழைக்காலத்தில் நிறுத்து. குட்டி நத்தை அரிசி அளவுதான் இருக்கும், இலை மடிப்பில் இருந்தால் தெரியவே தெரியாது. ஒவ்வொரு இலையாகக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வதக்கித் துவையலாக அரை. வெந்தால் பயமில்லை. கொத்தமல்லி, புதினாவையும் அப்படியே கழுவு. பேரன் வந்தால் தொட்டி மண்ணில் விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வை.

இனி, நீ வாங்கி வைத்திருப்பதாக எழுதிய அந்த நத்தை மாத்திரைப் பொட்டலம். அதன் மேல் மெட்டால்டிஹைடு என்று போட்டிருக்கிறதா பார். நத்தையை அது கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் தவிடு மாதிரி வாசனையாக இருப்பதால் நாயும் பூனையும் தின்றுவிடும். தின்றால் வலிப்பு வந்து செத்தே போகலாம். பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் ஆபத்து என்றுதான் இங்கிலாந்தில் 2022-லிருந்து தோட்டத்திலும் வயலிலும் போடுவதற்கே தடை. உன் வீட்டில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய்! மருந்து போட்டே தீருவேன் என்றால் அயர்ன் பாஸ்பேட் குருணை கேட்டு வாங்கு. தின்ற நத்தை மேய்வதை நிறுத்திவிட்டுப் போய் எங்காவது ஒளிந்து சாகும், வீட்டுப் பிராணிகளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை.

மற்றபடி உன் தோட்டத்தின் ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி குறையும். நீ சாயங்காலம் தண்ணீர் ஊற்றும் ஆள். ராத்திரி முழுக்க மண் ஈரமாக இருந்தால் அதற்கு நடமாடச் சுகம். மழை விட்ட நாட்களில் காலையில் ஊற்று. தொட்டிகளைத் தரையோடு வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்று. பின்பக்கம் உடைந்த ஓடும் செங்கல்லும் குவித்து வைத்திருக்கிறீர்களே, எந்தக் காலத்தில் அண்ணன் அந்தத் திண்ணையைக் கட்டப் போகிறார்? அதை எடுத்துப் போடச் சொல். நாற்றை நாலைந்து இலை விடும் வரை மொட்டை மாடியிலேயே வைத்திரு, இளந்தண்டைத்தான் அது அடியோடு தின்னும். முற்றிய செடியில் இரண்டு இலை போனால் போகட்டும்.

நர்சரியில் வாங்கும் செடியையும் சந்தேகப்படு. எனக்கு இந்தத் தொல்லை வந்ததே அப்படித்தான் என்று நினைக்கிறேன். போன ஆடியில் ஒரு நர்சரியில் செம்பருத்திக் கன்று வாங்கி வந்தேன், பையைக் கிழித்து நடும்போது வேருக்குள் இரண்டு சுருண்டு கிடந்தது. போய்ச் சொன்னால், "மண்ணுன்னா எல்லாம் இருக்கும்மா" என்று முடித்துவிட்டார் அந்த ஆள். இப்போதெல்லாம் கன்றைத் தனியாக வைத்துச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் நடுகிறேன்.

தோட்டத்தில் தேரை இருந்தால் விரட்டாதே, அது நத்தைக் குஞ்சைத் தின்னும். மின்மினியின் புழுவுக்கும் நத்தைதான் சாப்பாடு. எங்கள் பின்பக்க முருங்கையில் ஒரு செம்போத்து வருகிறது, ஓட்டு நத்தையைக்கூட உடைத்துத் தின்கிறது. வலமிருந்து இடம் போனால் ஆகும், இடமிருந்து வலம் போனால் ஆகாது என்று அத்தைக்கும் இவருக்கும் அதை வைத்துத் தினமும் வாக்குவாதம். எந்தப் பக்கம் போனாலும் வந்தால் சரி என்பது என் கட்சி.

தை பிறந்ததும் ஒரு நாள் வருகிறேன். உனக்குப் பண்ருட்டி முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன். போன வருஷம் கொடுத்தாயே நாட்டு வெண்டை, அந்த விதை இருந்தால் கொஞ்சம் எடுத்து வை. அந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பூனைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தாயா என்பதை மட்டும் கடிதத்தில் எழுதாதே, இது கிடைத்த உடனே போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
வசந்தா