தோக்குறதுக்கு பரிசு குடுக்குறத நிறுத்துங்க: என்பிஏ கமிஷனருக்கும் 30 டீம் ஓனர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆடம் சில்வர் சாருக்கும் ஓட்டுரிமை வச்சிருக்குற 30 டீம் ஓனர்களுக்கும் வணக்கம்.

நான் இருக்குறது நியூ ஜெர்சி, சொந்த ஊரு தேனி பக்கம். பெரியகுளத்துல வருஷா வருஷம் நடக்குற ஆல் இந்தியா பேஸ்கட்பால் டோர்னமெண்ட்ட அப்பா தோள்ல உக்காந்து பாத்து வளந்தவன். இந்த ஆட்டம் எனக்கு அமெரிக்கா வந்து பழகுனது இல்ல, அதனாலதான் இவ்ளோ வலிக்குது. விஷயம் இதான்: அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கான என்பிஏல, புது பிளேயர்ஸ டீமுங்க வரிசையா எடுக்குற டிராஃப்ட் வருஷா வருஷம் நடக்குது. அதுல முதல்ல எடுக்குற உரிமைக்கு (முதல் பிக்) நீங்க நடத்துற லாட்டரில, அதிகம் தோத்த டீமுக்கு அதிக சான்ஸ் குடுத்துட்டு வந்திருக்கீங்க.

போன மார்ச்ல மகள கூட்டிக்கிட்டு ஒரு மேட்ச்சுக்கு போனேன், எந்த டீமுன்னு வேணாம், டேபிள்ல அடியில கெடந்த ஒரு டீம். கார் பார்க்கிங்லயே நியூஸ் வந்துருச்சு, ஸ்டார் பிளேயர் ரெண்டு பேருமே இன்னைக்கு இல்ல, ஒருத்தருக்கு முதுகு வலி, ஒருத்தருக்கு ரெஸ்ட். வந்தது வந்தாச்சுன்னு உள்ள போனோம். கடைசி குவார்ட்டர்ல பாத்தா 11 பாயிண்ட் பின்னாடி இருந்த பசங்க எப்படியோ ஏறி வந்து 2 பாயிண்ட் லீடு எடுத்துட்டாங்க. மகள் சீட்டு மேல ஏறி நின்னு கத்துறா. பக்கத்து சீட்டுல அதே டீம் ஜெர்சி போட்ட ஒரு பெரியவர், தலைல கை வச்சுக்கிட்டு, தோத்துரணும் தோத்துரணும்னு முணுமுணுத்துக்கிட்டு இருக்காரு. போன்ல லாட்டரி கணக்க திறந்து வச்சிருக்காரு, இன்னைக்கு ஜெயிச்சா எத்தனை சதவீதம் குறையும்னு. 20 வருஷமா சீசன் டிக்கெட் வாங்குறாராம். அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். சொந்த டீம் தோக்கணும்னு அந்த மனுஷன வேண்ட வச்சது உங்க ரூல்.

அந்த லீடு வந்ததுக்கு காரணமே பத்து நாள் காண்ட்ராக்ட்ல வந்த ஒரு பையன். வெளிய போற பாலுக்கு பாஞ்சு விழுந்து ரெண்டு முழங்காலும் செவந்து போச்சு. பதினோராவது நாள் வேலை இருக்குமான்னே தெரியாதவன் அவன், ஒவ்வொரு பாலும் அவனுக்கு சோறு. நாலு நிமிஷம் பாக்கி இருக்கும்போது அவன வெளிய கூப்பிட்டு உக்கார வச்சாங்க. டவல தலைல போட்டு மூஞ்ச மூடிக்கிட்டு உக்காந்தான். 7 பாயிண்ட்ல தோத்தோம். அந்த பெரியவர் மாதிரி நெறைய பேர் நிம்மதியா எழுந்து போனாங்க.

பிளேயர்ஸ் யாரும் தோக்கணும்னு ஆடுறது இல்ல சார், அடுத்த வருஷம் வரப்போற 19 வயசு பையனுக்கு எடம் காலி பண்றதுக்காக எவனாவது தன் பொழப்ப கெடுத்துப்பானா? தோல்விய முடிவு பண்றது மேல இருக்குற ஆஃபீஸ்ல. யார ஆட விடணும், யாருக்கு முதுகு வலிக்கணும்னு அங்கதான் எழுதுறாங்க.

இது உங்களுக்கும் புதுசு இல்ல. ஒரு காலத்துல கிழக்கு, மேற்குன்னு ரெண்டு கான்ஃபரன்ஸ்லயும் கடைசில வந்த ரெண்டு டீமுக்கும் நடுவுல காசு சுண்டி முதல் பிக் குடுத்தீங்க. 1983-84 சீசன்ல ஹூஸ்டன் வேணும்னே தோத்துச்சுங்குற பேச்சு கெளம்புனதும் 1985ல லாட்டரி கொண்டு வந்தீங்க. அப்புறம் அதையும் மாத்தி மாத்தி, கடைசி டீமுக்கு முதல் பிக் சான்ஸ் 25 சதவீதம்னு இருந்தத 2019லேந்து கடைசி 3 டீமுக்கும் தலா 14ன்னு ஆக்குனீங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க, ஆனா அத்தனை மாத்தத்துலயும், தோத்தாதான் நல்ல சான்ஸுங்குற அந்த ஒண்ணுல மட்டும் கை வைக்கல.

அதுக்கு பதிலா ஃபைன் போடுறீங்க. 2018ல டல்லாஸ் ஓனரா இருந்த மார்க் க்யூபன், தோக்குறதுதான் நமக்கு நல்லதுன்னு தன் பிளேயர்ஸ் கிட்ட சொன்னதா ஒரு பாட்காஸ்ட்ல வெளிப்படையா பேசுனாரு, 6 லட்சம் டாலர் ஃபைன். 2023 ஏப்ரல்ல அதே டல்லாஸ், பிளேஆஃப்ல கடைசி எடங்களுக்கு நடக்குற பிளே-இன்னுக்கு போக இன்னும் வழி இருக்கும்போதே சிகாகோ கூட ஆடுன மேட்ச்ல ஸ்டார் கைரி இர்விங்க உக்கார வச்சிட்டு, இன்னொரு ஸ்டார் லூக்கா டான்சிச்ச முதல் குவார்ட்டர் தாண்டுனதும் வெளிய எடுத்துட்டாங்க. காரணம் எல்லாருக்கும் தெரியும். ஒரு பழைய டிரேடுபடி, அந்த வருஷ பிக் முதல் பத்துக்குள்ள வந்தாதான் அவங்களுக்கு, இல்லனா நியூயார்க்குக்கு போயிரும். 7.5 லட்சம் டாலர் ஃபைன் கட்டுனாங்க, பத்தாவது பிக் கையில நின்னுச்சு, அத ஓக்லஹோமா சிட்டிக்கு குடுத்து பன்னெண்டாவது பிக்ல டெரெக் லைவ்லிய எடுத்தாங்க, அந்த பையன் அடுத்த வருஷமே ஃபைனல்ஸ்ல ஆடுனான். நீங்களே சொல்லுங்க, அது ஃபைனா இல்ல அந்த பிக்குக்கு வெலையா? டிவி காண்ட்ராக்ட் மட்டுமே 11 வருஷத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர்னு ஓடுற லீக்ல 7.5 லட்சம் யாருக்கு உறைக்கும்? புள்ளையையும் கிள்ளி விட்டு தொட்டிலையும் ஆட்டுனா அழுகை எப்படி நிக்கும்.

சரி, தோத்தாவது உருப்பட்டாங்களான்னு பாத்தா அதுவும் இல்ல. ஃபிலடெல்ஃபியா எங்க வீட்டுலேந்து ஒன்றரை மணி நேரம், அங்க நடந்தத கிட்ட இருந்து பாத்தவன் நான். 2013லேந்து மூணு சீசன், 19 ஜெயம், 18 ஜெயம், 10 ஜெயம், மொத்தம் 246 மேட்ச்ல 47. நடுவுல வரிசையா 28 தோல்வி. டிராஃப்ட்ல எம்பீட் கெடச்சாரு, லீக்கோட சிறந்த பிளேயர் (எம்விபி) ஆனாரு, அது உண்மைதான். முதல் பிக்காவே ரெண்டு வருஷம் சிம்மன்ஸும் ஃபுல்ட்ஸும் வந்தாங்க. அப்படி இருந்தும் 2025 வரைக்கும் ஒரு தடவை கூட ரெண்டாவது ரவுண்ட தாண்டல. 2011-12ல ஷார்லட் 66 மேட்ச்ல 7 தான் ஜெயிச்சுச்சு, முதல் பிக்கான ஆன்டனி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸ் போயிட்டாரு. 2025ல யூட்டா 17 ஜெயத்தோட கடைசில கெடந்துச்சு, அஞ்சாவது பிக்தான் கெடச்சுது, வெறும் 1.8 சதவீத சான்ஸ் வச்சிருந்த டல்லாஸுக்கு முதல் பிக்கான கூப்பர் ஃப்ளாக் போனான். யோகிச் 41வது பிக், யானிஸ் 15வது பிக், ரெண்டு பேரும் தங்க டீமுக்கு கப்ப தூக்கிட்டு வந்தாங்க.

சின்ன ஊரு ஓனர்கள் சொல்றதும் எனக்கு புரியுது. பெரிய ஸ்டார் யாரும் தானா சால்ட் லேக் சிட்டிக்கோ ஷார்லட்டுக்கோ வர மாட்டாங்க, லாஸ் ஏஞ்சலஸும் மயாமியும் இருக்கும்போது. டிராஃப்ட்தான் அவங்களுக்கு இருக்குற ஒரே கதவு. 1997ல டிம் டங்கன் சான் ஆன்டோனியோவுக்கு கெடைக்கலன்னா அந்த 5 சாம்பியன்ஷிப் ஏது? அதனால நோஞ்சான் டீமுக்கு உதவுறத நிறுத்துங்கன்னு நான் சொல்லல. உதவி வேற, தோல்விக்கு பரிசு வேற.

பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் பிடபிள்யூஎச்எல் 2024ல ஆரம்பிச்சப்பவே இதுக்கு ஒரு வழி கண்டுக்கிட்டாங்க. பிளேஆஃப் வாய்ப்பு போன நாள்லேந்து ஒரு டீம் எத்தனை பாயிண்ட் எடுக்குதோ அத வச்சுதான் டிராஃப்ட் வரிசை, அதிகம் எடுத்தவங்களுக்கு முதல் பிக். உண்மையிலேயே வீக்கான டீம் சீக்கிரமே வெளியேறிரும், அதனால பாயிண்ட் சேக்க அவங்களுக்கு அதிக மேட்ச் கெடைக்கும். உதவியும் போய் சேருது, மார்ச் மாசத்து மேட்ச்சுக்கும் உசிரு வருது. அந்த பெரியவர் என் மகளோட சேந்து கத்தியிருப்பாரு, அந்த பையன நாலு நிமிஷம் இருக்கும்போது வெளிய எடுத்திருக்கவே மாட்டாங்க.

இதுலயும் ஓட்டை இருக்கு, மறைக்கல. சீக்கிரம் வெளியேறணும்னே டிசம்பர்லயே தோக்க ஆரம்பிக்கலாம். ஆனா டிசம்பர்ல தோக்குறது அவ்ளோ லேசு இல்ல, டிக்கெட் விக்காது, கோச் வேலை போயிரும், ஸ்டார் டிரேட் கேப்பான், அதுக்கப்புறம் மார்ச்ல திடீர்னு ஜெயிக்க ஆரம்பிக்க அந்த டீம்ல ஆளும் இருக்காது. வேணும்னா உங்க சின்ன லீக்கான ஜி லீக்ல ரெண்டு வருஷம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் ஓட்டு போடுங்க.

2014ல டேங்கிங்க, அதாவது வேணும்னே தோக்குறத, தடுக்க ஒரு மாத்தம் ஓட்டுக்கு வந்துச்சு. 23 ஓட்டு வேணும், வந்தது 17. நமக்கும் ஒரு நாள் இந்த நெலம வரும், அப்ப இந்த பின்வாசல் வேணும்னு 13 பேர் நெனச்சீங்க. மூணு வருஷம் கழிச்சு, மேல சொன்ன அந்த 14 சதவீத மாத்தத்துக்கு, ஒரே ஒருத்தர் எதிர்க்க, ஒருத்தர் ஓட்டு போடாம ஒதுங்க, 28 பேர் ஒத்துக்கிட்டீங்க. மனசு வச்சா முடியும்னு நீங்களே காட்டியிருக்கீங்க. அடுத்த போர்டு மீட்டிங்ல இந்த பிடபிள்யூஎச்எல் முறைய அஜெண்டால வச்சு, எந்த ஓனர் எப்படி ஓட்டு போட்டாருன்னு பேரோட வெளியிடுங்க. டிக்கெட் காசு குடுக்குற எங்களுக்கு அது தெரியணும்.

இப்படிக்கு,
தேனிக்கார ரசிகன் ஒருத்தன், நியூ ஜெர்சி