வயலில் நிற்பவனுக்குத் தத்துவம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த நூல் விமர்சனத்தைத் திங்கட்கிழமை மாலைதான் வாசித்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பிந்தியே வந்துசேரும் என்பது தாங்கள் அறிந்ததே. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான உறவை விசாரிக்கும் அந்த மொழிபெயர்ப்பு நாவலுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நாவலின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தலைப்பில் ஒரு விதமாகவும் கட்டுரையினுள்ளே வேறு விதமாகவும் தாங்களே அச்சிட்டிருக்கும்போது, இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

முக்கால் பக்கத்தையும் பொறுமையாகவே வாசித்துவந்தேன். கடைசிப் பந்தியில் ஒரு வசனம் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது: "இத்தகைய நாவல் நகரத்து வாசகனின் ஏக்கத்துக்கே மருந்து, வயலில் நிற்பவனுக்கு இயற்கை என்பது பிழைப்பு, அவனுக்கு அதைப் பற்றிய தத்துவம் தேவைப்படாது." விமர்சகர் எந்த வயலில் யாரைச் சந்தித்து இதைக் கேட்டறிந்தார் என்பது எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே அந்த வயலில் நிற்பவர்களுள் ஒருவன் என்ற முறையில் நானே விடையளிக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். நவகிரிக் குளத்து நீரை நம்பி மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறவன். விமர்சகருக்கு முன்னரே அந்த நாவலை வாசித்துவிட்டவன் என்பதையும் தாழ்மையுடன் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. கொழும்பில் வேலைசெய்யும் என் மருமகள் புத்தகக் கண்காட்சியில் வாங்கிவந்தது. பூரணை விடுமுறை நாட்களில் என் வீட்டு விறாந்தையில் கூடும் எழுவரிடமும் அது சுற்றிவந்து, அட்டை கழன்று, சிமெந்துக் கடதாசியில் உறைபோடப்பட்டு, இப்போது மீண்டும் என் மேசையில் கிடக்கிறது. அதன் 112ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கிறது. வயற்சேற்றோடு பதிந்து காய்ந்தது, ரேகைகூடத் தெரிகிறது. கைநாட்டு என்று விமர்சகர் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்த ஒருவரின் விரல் அது.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை விமர்சனத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆற்றங்கரையை அளந்து எல்லைக்கல் நடப்போகும் ஒரு நிலஅளவையாளன்தான் நாவலின் நாயகன். ஒரு விடியற்காலையில் காட்டு விலங்கொன்று அவன் நட்ட கல்லைக் கடந்துவந்து நின்று அவனைப் பார்க்கிறது. அது எல்லை மீறி வந்திருக்கிறதென்று எழுதுவதற்குப் பேனாவை எடுத்தவன், அதன் வழி பழையது, தன் கல்தான் நேற்றையது என்று உணர்ந்து எழுதாமலே நிற்கிறான். கதையில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் கதிர் வெளிவரக் காத்திருக்கும் குடலைப் பருவத்து வயலுக்கு யானைக் காவல் கிடக்கிறவர் பரணின் மேலிருந்து டோர்ச் வெளிச்சத்தில் அதை வாசிக்கும்போது நடப்பது வேறு. எங்கள் எழுவரில் ஒருவர் அப்படித்தான் வாசித்தார். மறுநாட் காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராவு ரெண்டு வந்திச்சு சேர். வெடியப் போட்டன்தான். ஆனா போடக்குள்ள கை ஒருக்கா நிண்டிச்சு. மறுகாதான் போட்டன்."

நாவல் அவரை யானையின் நண்பராக்கிவிடவில்லை. அன்றிரவும் யானைவெடி வெடித்தது, வேளாண்மை தப்பியது. அந்தக் கை ஒருக்கால் நின்றதே, அதைத்தான் நான் இலக்கியத்தின் வேலை என்கிறேன். கொழும்பில் மாடிவீட்டு வாசகர் ஒருவர் அதே பக்கத்தை வாசித்து நெகிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அவருடைய கையில் வெடி இல்லை. நிற்பதற்கு அங்கே எதுவுமில்லை. அப்படியிருக்க, தத்துவம் யாருக்குத் தேவை என்று விமர்சகரே மீண்டும் ஒருமுறை யோசிக்கட்டும். 2023இல் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர். அந்த மரணங்களில் எங்கள் பக்கத்தில் நேர்ந்தவற்றைத் தாங்கள் ஒற்றைப் பத்தியில், விளம்பரத்துக்குக் கீழே அச்சிட்டதை நான் மறக்கவில்லை.

எல்லோரும் நாவலை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். யானை அடித்துத் தந்தையை இழந்த இளைஞர் ஒருவர் அதே அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி, என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த பூரணைக்கு வந்தார். வந்து இரண்டு மணித்தியாலம் அந்த எழுத்தாளரோடு, அவர் எங்கள் முன்னே இருப்பதைப் போலவே, சண்டை போட்டார். கல்லை நட்டவன் அரசாங்க உத்தியோகத்தன், சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் எங்கே போவான் என்று அவர் கேட்ட கேள்விக்கு நாவலில் விடை இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் அதுவரை அந்த வடிவில் கேட்டதில்லை என்று அவரே சொன்னார். இந்த ஒரு சண்டைக்கு ஈடாக ஒரு வரியாவது அந்த முக்கால் பக்கத்தில் உண்டா?

இன்னொன்றையும் விமர்சகர் தவறாகச் சொல்லியிருக்கிறார். இயற்கை மனிதனைத் தண்டிக்கும் என்பதே நாவலின் செய்தியாம்! வெள்ளம் ஊரை அள்ளிக்கொண்டுபோகும் அத்தியாயத்தை அவர் வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும். ஆற்றுக்கு ஊர் என்ற ஒன்று இருந்ததே தெரியாது என்றுதான் அளவையாளன் அங்கே சொல்கிறான். தண்டிப்பதற்கு முதலில் நம்மைப் பார்த்திருக்க வேண்டுமல்லவா? 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்து ஓய்ந்த மறுநாள், எங்கள் தென்னைகள் யாவும் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். எங்கள் பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த நான் என் பாவங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். 2004இல் கடல் வந்தபோதும் அதே பேச்சு எழுந்தது, தங்கள் பத்திரிகையிலும் எழுந்தது. கடலோர ஊரான நாவலடியில் அன்று தன் பிள்ளையை இழந்து, படுவான்கரையிலே அக்காவின் வீட்டோடு வந்து தங்கிவிட்ட பெண்மணி ஒருவர் எங்கள் வாசிப்பில் இருக்கிறார். அந்த அத்தியாயத்தை நான் உரத்து வாசித்து முடித்தபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நாங்க ஒண்டும் செய்யல்லதானே சேர்" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டுவந்தார். கடற்கரையில் வாழ்ந்தவருக்குக் கடலைப் பற்றிய தத்துவம் இத்தனை வருடம் கழித்தும் தேவைப்பட்டது, ஐயா.

இயற்கையைப் பற்றி எங்களுக்குப் பாடம் சொல்லாதவர்கள் இல்லை. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நாட்டையே சேதன விவசாயத்துக்கு மாற்றப்போவதாக அரசாங்கம் அறிவித்ததும், மண்ணை நேசிப்பது எப்படி என்று தாங்கள் தொடர்கட்டுரை வெளியிட்டீர்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையும் போயிற்று, தொடர்கட்டுரையும் நின்றுபோயிற்று. எங்கள் பெரும்போகத்தில் நெற்பயிர் மஞ்சளித்து நின்றது மட்டும் மிச்சம். அரச வர்த்தமானியில் வந்த இயற்கை நேசத்தால் வயிறு எரிந்த அதே மனிதர்கள், நாவலில் வந்ததைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். நாவல் எங்களுக்குக் கட்டளை எதுவும் இடவில்லை என்பதுதான் காரணம். அதை வாசித்த பின்னரும் நான் களைநாசினி தெளிக்கிறேன்; தெளிக்காமல் மூன்று ஏக்கரைச் சமாளிக்க இந்த வயதில் என்னால் இயலாது. ஆனால் முன்பெல்லாம் வாய்க்காலிலேயே கழுவிய தெளிகருவியை இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுகிறேன். ஒரு புத்தகத்துக்கு இது பெரிய வெற்றியா என்று கேட்டால் தெரியாது. என் மனைவி அதைத் தொல்லை என்கிறார்.

நாவலில் குறையே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. நடுப்பகுதி நீர் குறைந்த சிறுபோகத்து வாய்க்கால்போல மெல்லவே நகர்கிறது. மொழிபெயர்ப்பாளர் சதுப்புநிலக் காட்டுக்கு அகராதியில் சொல் தேடி அலைந்திருக்கிறார், எங்கள் வாவிக்கரைக்கு வந்திருந்தால் சிறு பிள்ளையும் கண்ணாக்காடு என்று சொல்லிக்கொடுத்திருக்கும். இவற்றை எழுதியிருந்தால் விமர்சகரைப் பாராட்டியிருப்பேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் வாசகர்களும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் தங்கள் அலுவலகத்தில் என்றுமே இருந்ததில்லை. மட்டக்களப்பைப் பற்றி எதை எழுதினாலும் "மீன்பாடும் தேனாடு" என்று தொடங்கி, கல்லடிப் பாலத்தின் படமொன்றைப் போட்டு முடித்துவிடுகிறீர்கள். விபுலாநந்த அடிகள் வாவியிலிருந்து எழும் அந்த மீனிசையைக் கேட்டு நீர்த் தேவதைகளான நீரர மகளிரைப் பாடினார். அது தத்துவமா பிழைப்பா என்று தங்கள் விமர்சகர்தான் சொல்லவேண்டும். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரின் தீர்த்தத் திருவிழாப் படத்தின் கீழ் அம்பாறை மாவட்டம் என்று அச்சிட்டதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம், எழுத்துப் பிழைகளுடன் நான்கு வரியாக வெளிவந்தது. குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்திருந்த நேரத்தில் எழுதிய கடிதம் அது, இரண்டு பக்கம். இதையும் அவ்விதமே வெட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வேண்டுகோள் சிறியதுதான். நூல் விமர்சனங்களின் அடியில் விலையையும் கிடைக்கும் இடத்தையும் அச்சிடுங்கள்; மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடைகளில் நான் கேட்டலைந்தும் இந்த நாவல் கிடைக்கவில்லை. விமர்சகருக்குத் தம் பிரதி இனித் தேவையில்லையென்றால் அதை எங்களுக்கு அனுப்பிவைக்கட்டும், தபாற் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பிரதியில் 241ஆம் பக்கத்திலிருந்து நான்கு பக்கங்கள் மாரி மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. அதற்குப் பிறகு இரவல் கேட்டுவந்த இருவர், அளவையாளன் ஆற்றுக்குத் திரும்பிப் போனானா இல்லையா என்று என்னை வழியில் மறித்துக் கேட்கிறார்கள். வாசித்தறிய வேண்டியதை நான் வாயால் சொல்ல விரும்பவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.