எஸ்ரா கார்னெலைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் இதழ்களுக்கும் பொது அறிவு நூல்களுக்கும் வாழ்க்கைக் குறிப்புகள் எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

எஸ்ரா கார்னெல் (1807–1874) என்றதும், 5 லட்சம் டாலரும் 300 ஏக்கர் பண்ணையும் கொடுத்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் கண்ட வள்ளல் என்று முடித்துவிடாதீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தியது விஸ்கான்சின் மாநிலத்துப் பைன் காடு.

1862இல் வந்த மாரில் சட்டப்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உள்ள தன் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் கிடைத்தது. விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி நடத்த வேண்டும். கார்னெலின் மாநிலமான நியூயார்க்கின் பங்கு 9,90,000 ஏக்கர். அந்த மாநிலத்துக்குள் கூட்டாட்சி அரசின் நிலம் இல்லாததால், கைக்கு வந்தது 160 ஏக்கருக்கு ஒன்றாக நிலச் சீட்டு, அதாவது வேறிடத்துக் கூட்டாட்சி நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைச் சீட்டு. சிக்கல் இங்கேதான். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தில் நிலம் எடுக்கக் கூடாது. சீட்டைத் தனியாருக்கு விற்றே ஆக வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கக் கிளம்பியதால், ஏக்கர் 1.25 டாலர் பெற வேண்டியது 50, 60 சென்டுக்கு இறங்கியது.

கார்னெல் தனிமனிதர், அவருக்கு அந்தத் தடை இல்லை. 1866இல் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டு, சீட்டுகளைத் தாமே வாங்கி, சுமார் 5 லட்சம் ஏக்கரைப் பெரும்பாலும் பைன் காடாகத் தேர்ந்தெடுத்தார். லாபம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு; தமக்கு ஒரு காசு இல்லை. காட்டைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. ஆண்டுதோறும் வரி, முகவர் செலவு, மரத் திருட்டு, தீ. சொந்தப் பணம் இதில் கரைந்தது. ரயில் பாதை முதலீடுகளும் கைவிட்டன. போதாததற்கு, நிலத்தை வைத்து ஆதாயம் தேடுகிறார் என்ற குற்றச்சாட்டு, அரசு விசாரணை. 1874இல் நிலங்கள் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயின. அந்த ஆண்டே அவரும் இறந்தார். அறங்காவலர் ஹென்றி சேஜ் அவசரப்பட்டு விற்காமல் காத்திருந்ததால், கடைசியில் நிகரமாகச் சுமார் 50 லட்சம் டாலர் தேறியது.

தந்தி வியாபாரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். தந்தி முறையை உருவாக்கிய சாமுவேல் மோர்ஸின் கம்பியை ஈயக் குழாயில் வைத்துப் புதைக்கத்தான் கார்னெல் கலப்பை செய்தார். குழாய்க்குள் மின்காப்பு பழுதானதால் அந்த முறை தோற்றது. நூலகத்தில் மின்னியலைத் தேடிப் படித்துவிட்டு, கம்பத்தில் கண்ணாடிக் காப்பு வைத்துக் கம்பி இழுக்கலாம் என்றவரும் அவரே. 1844 மே 24 அன்று மோர்ஸின் புகழ்பெற்ற தந்திச் செய்தி போனது அந்த வழியில்தான். பின்னாளில் வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி நிறுவனத்தின் பங்குகள் அவரைச் செல்வராக்கின.

பதவிகளையும் குழப்பாதீர்கள். அவர் இருந்தது ஆல்பனியிலுள்ள நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில்: 1862–63 கீழவை, 1864–67 மேலவை. அமெரிக்க செனட் அல்ல. ஆளுநராக இருந்தது மகன் அலோன்சோ.

இன்னொன்றை விட்டுவிடவே கூடாது. அந்தப் பைன் காடுகள் ஒஜிப்வே என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மண். 1837, 1842 ஒப்பந்தங்கள் வழியாக அமெரிக்க அரசு அதைத் தன் வசமாக்கிக்கொண்டது. கொடையாளர் பெயரை எழுதும் அதே பத்தியில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.