கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டீர்கள், படகுக்கு எப்போது?

வங்கக்கடல் நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் டாக்கா செயலகத்துக்கும், ஏழு உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

நாகப்பட்டினத்துக் கடலோரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஏலக்கூடத்தில் உங்கள் அமைப்பின் பெயரைச் சொன்னால் ஏதோ புது இன்ஜின் கம்பெனி என்று நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1997 ஜூனில் பாங்காக்கில் நான்கு நாடுகளாகத் தொடங்கினீர்கள். அந்த வருடக் கடைசியில் மியான்மரும், 2004-இல் நேபாளமும் பூட்டானும் சேர்ந்தன. இத்தனை காலத்தில் உச்சி மாநாடு கூடியது ஆறே முறை. தடையில்லா வர்த்தகத்துக்கான அடிப்படை ஒப்பந்தத்தில் 2004-இல் கையெழுத்துப் போட்டீர்கள். வர்த்தகம்தான் இன்னும் திறக்கவில்லை. அமைப்புக்கென்று ஒரு சாசனம் நடைமுறைக்கு வந்ததே 2024 மே மாதத்தில். குடும்பம் நடத்தி இருபத்தேழு வருடம் கழித்துக் கல்யாணத்தைப் பதிவு செய்த கதைதான்.

சரி, பழையதை விடுவோம். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடியபோது கடல் போக்குவரத்து ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. சரக்கும் பயணிகளும் துறைமுகம் விட்டுத் துறைமுகம் சுலபமாகப் போய்வர வழி செய்கிறது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்தக் கடலில் தினமும் இறங்குகிறவர்களில் கப்பல்காரர்கள் கொஞ்சம். விசைப்படகும் ஃபைபர் படகும் வல்லமும் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தால் என்ன ஆகப்போகிறது?

வாடைக்காற்றுக் காலத்தில் கோடியக்கரைக்கு வெளியே ஒரு ஃபைபர் படகின் இன்ஜின் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் பிடிக்காத ஆழம், ராத்திரி நேரம். இழுத்த இழுப்புக்குப் படகு போகும். விடியும்போது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கைக் கடலில் கிடப்பார்கள். கையில் மீன்வளத் துறை கொடுத்த பயோமெட்ரிக் அட்டை இருக்கும். இந்தப் பக்கம் அது அடையாளம். அந்தப் பக்கம் வெறும் பிளாஸ்டிக். ஏன் வந்தாய் என்பது அப்புறம்தான், முதலில் எல்லை தாண்டியவன் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் படகுப் பதிவுச் சான்றின் நகலைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவது நிச்சயமில்லை. இதே நாகையிலிருந்துதான் 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். பாக் நீரிணையில் எல்லை தாண்டுகிற எல்லாப் படகும் இன்ஜின் கெட்டுப்போய்த் தாண்டுவதில்லை. இழுவைமடி போட்டுக் கடலடியைச் சுரண்டுகிற விசைப்படகுகள் தெரிந்தேதான் போகின்றன. போரில் எல்லாவற்றையும் இழந்து கடலுக்குத் திரும்பிய இலங்கை வடமாகாண மீனவர்களின் வலையை அவை அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது சரி என்றே நினைக்கிறேன். இங்கே பலர் இதற்காக என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். ஆனால் தெரிந்து போனவனையும் தெரியாமல் அடித்துச் செல்லப்பட்டவனையும் பிரித்துப் பார்க்க ஒரு பொது விதி வேண்டாமா? அது இல்லாததால் ஒவ்வொரு கைதுக்கும் ஒரு கடிதம், ஒரு கண்டன அறிக்கை, ஒரு விடுதலை என்றே வருடங்கள் ஓடுகின்றன.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2025 ஜனவரியில் இந்தியாவும் வங்கதேசமும், அதுவும் இரண்டு அரசுகளுக்கும் முகம் கொடுத்துப் பேசவே கஷ்டமாக இருந்த நேரத்தில், நடுக்கடலில் எல்லைக்கோட்டருகே மீனவர்களை மாற்றிக்கொண்டன. 95 பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், 90 பேர் அந்தப் பக்கம் போனார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது தடைக்காலச் செய்தி. எங்கள் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வங்கதேசத்தில் முன்பு மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் தடை. தாங்கள் கரையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தியப் படகுகள் வந்து அள்ளிப் போகின்றன என்று அங்குள்ள மீனவர்கள் வருடக்கணக்காகப் புலம்பினார்கள். 2025-இல் அந்த அரசு தேதியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றிவிட்டது. உச்சி மாநாடும் இல்லை, குழுப் புகைப்படமும் இல்லை. ஒரே கடலில் முட்டையிடுகிற மீனுக்கு ஏறக்குறைய ஒரே விடுமுறை கிடைத்தது. இதை இரண்டு நாட்டோடு நிறுத்தாமல் எங்கெங்கே பொருந்துமோ அங்கெல்லாம் உட்கார்ந்து பேசுவதுதானே உங்கள் வேலை?

புயல் விஷயத்தில் இந்தக் கடல்நாடுகள் ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொள்கின்றன. 2018-இல் எங்களை அடித்துப்போட்ட கஜா, இலங்கை கொடுத்த பெயர். 2023-இல் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம், மியான்மர் கொடுத்தது. எச்சரிக்கையும் எல்லை பார்க்காமல் எல்லோருக்கும் போகிறது.

உங்கள் வேலைப் பிரிவினையைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. ஏழு துறைகளில் மீன்வளத்துக்குத் தனி இடம் இல்லை. வேளாண்மைக்குள் ஒரு கிளையாக இருக்கிறது. அந்தத் துறையை முன்னின்று நடத்த வேண்டிய நாடு மியான்மர். உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடக்கும் ராணுவ ஆட்சி, எங்கள் வலையைப் பற்றி யோசிக்குமா? கடல்வளத்தை வைத்துப் பிழைக்கிற நீலப் பொருளாதாரமோ வர்த்தகத் துறையின்கீழ் வங்கதேசத்திடம் இருக்கிறது. இப்போது தலைமையும் அவர்களிடம்தான். ஆகவே டாக்காவில் இருப்பவர்களிடமே நேராகக் கேட்கிறேன்.

எந்திரக் கோளாறாலோ புயலாலோ எல்லை தாண்டிய படகுக்கு ஏழு நாடுகளுக்கும் பொதுவான ஒரு நடைமுறை எழுதுங்கள். பிடிபட்டதும் இத்தனை நாளுக்குள் விசாரணை, குற்றம் இல்லையென்றால் ஆளோடு படகையும் திருப்பித் தருவது, புயல் வந்தால் பக்கத்துத் துறைமுகத்தில் ஒதுங்க அனுமதி, ஒருவர் கொடுத்த மீனவர் அட்டையை மற்றவர் ஏற்பது. கப்பல் ஊழியரின் சான்றிதழுக்கு இதைச் செய்ய முடிகிறதென்றால் மீனவர் அட்டைக்கும் முடியும். இதற்குப் புது அலுவலகம் எதுவும் திறக்காதீர்கள். வங்கக்கடல் மீன்வளத்துக்கென்று 1979-இல் தொடங்கிய திட்டத்தின் வழிவந்த அரசுகளுக்கிடையேயான அமைப்பு சென்னையிலேயே இருக்கிறது. இந்தியா, வங்கதேசம், இலங்கையோடு மாலத்தீவும் அதில் உறுப்பு. தாய்லாந்தையும் மியான்மரையும் அழைத்து அந்த அமைப்பிடமே வரைவை எழுதச் சொல்லலாம்.

அந்த வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் வங்காளத்திலும் பர்மியத்திலும் தாய் மொழியிலும் வெளியிடுங்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்தை நட்சத்திர விடுதியில் வைக்க வேண்டாம். வங்கதேசத்துக் காக்ஸ் பஜாரிலோ யாழ்ப்பாணத்து மயிலிட்டியிலோ எங்கள் நாகையிலோ தடைக்காலத்தில் வையுங்கள். அப்போதுதான் படகுக்காரர்கள் பலரும் கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
நாகைக் கடலோரவாசி ஒருவன்